அம்மப்பாவின் அம்புக்குறி மணிக்கூடு: கட்டுவதா, பூட்டி வைப்பதா?

உங்கள் கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்கிறேன். திருகோணமலைக் கடற்படை டொக்யார்டில் (கப்பல் திருத்தும் துறையில்) வேலை செய்த அம்மப்பாவின் சாவி கொடுக்கும் மணிக்கூடு இப்போது உங்களிடம் வந்திருக்கிறது. பின்மூடியில் ஒரு அம்புக்குறி, அதைச் சுற்றித் தேய்ந்துபோன எழுத்துகள், இலக்கங்களில் பழுப்பேறிய மஞ்சள் பூச்சு. ஓடுகிறது, ஆனால் நாளுக்கு நாலு நிமிடம் பிந்துகிறது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட அன்று அது அம்மப்பாவின் கையில் இருந்ததாக வீட்டில் சொல்வார்கள். நீங்கள் இருப்பது உப்புவெளியில், கடற்கரைக்குப் பக்கத்தில். தினமும் கட்டலாமா, அலுமாரியில் பூட்டி வைப்பதா, அந்த மஞ்சள் பூச்சு உடம்புக்குக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கட்டிய அன்றெல்லாம் கையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இத்தனை காலம் இருந்த சாமான் என் கையில் உடைந்துபோனால் என்ன செய்வேன்?

மணிக்கூடு திருத்துவதுதான் என் தொழில், அதுவும் இதே ஊரில். பழைய சுவிஸ் மணிக்கூடுகள்தான் என் மேசைக்கு அதிகம் வரும். இருந்தாலும் நீங்கள் போட்ட இரண்டு படங்களை வைத்துச் சொல்வதற்கு ஒரு எல்லை உண்டு. பின்மூடியைத் திறக்காமல் உள்ளே என்ன நிலை என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பாதீர்கள். அதனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் பிரித்தே எழுதுகிறேன்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுங்கள். ஆனால் சேர்விஸ் செய்த பிறகு, அதுவும் தினமும் வேண்டாம். நீங்கள் விழுந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். விழுந்து வரும் பழைய மணிக்கூட்டைத் திரும்ப ஓட வைக்க அநேகமாக ஏதாவது ஒரு வழி இருக்கும். ஈரம் குடித்து வருபவையும், "புதுசாக்கித் தாறன்" என்று சொன்ன யாரிடமோ போய்விட்டு வருபவையும்தான் கையை விரிக்க வைப்பவை.

விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் அடங்கும். இந்தக் கால மணிக்கூடுகளில் பேலன்ஸ் என்ற சக்கரம் வழக்கமாக மணிக்கு 18,000 தடவை அடிக்கும், அதாவது நொடிக்கு 5, நாளுக்கு 432,000. அந்தச் சக்கரத்தின் அச்சு இரண்டு முனையிலும் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றராக மெலிந்து, ஒரு தலைமுடி அளவில், செயற்கை மாணிக்கக் கல்லின் துளைக்குள் சுழல்கிறது. டைல்ஸ் தரையில் விழுந்தால் முறிவது அந்த முனைதான். 1930களில் இன்காபிளாக் போன்ற அதிர்ச்சி தாங்கிகள் வந்தன. கல்லை ஒரு சின்ன ஸ்பிரிங்கின் கீழே அசைய விட்டு, விழும் அடியை அது வாங்கிக்கொள்ளும்படி செய்தார்கள். போர்க்கால மணிக்கூடுகள் எல்லாவற்றிலும் அது இல்லை. உங்களுடையதில் இருக்கிறதா என்பது மூடியைத் திறந்தவுடன் தெரியும். பேலன்ஸின் நடுக் கல்லுக்கு மேல் யாழ் வடிவில் ஒரு மெல்லிய ஸ்பிரிங் தெரிந்தால் அது இன்காபிளாக். இல்லாவிட்டாலும், உடைந்த அச்சோடு எல்லாம் முடிந்துவிடாது. அது மாற்றக்கூடிய உதிரிப்பாகம். பெயர்பெற்ற சுவிஸ் இயந்திரங்கள் பலவற்றுக்குப் பழைய இருப்பில் இன்னும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் கடைசலில் புதிதாகச் செய்யலாம். செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள், பொறுமையும் காசும் வேண்டும். ஆனாலும் முடியாத காரியம் இல்லை.

பிறகு, மணிக்கூடுகள் பெரும்பாலும் கையில் இருக்கும்போது விழுவதில்லை. கட்டும்போதும் கழற்றும்போதும் விழும், அல்லது வாரைப் பிடிக்கும் பின் கழன்று விழும். குளியலறைக்குள் போனபிறகு கழற்றி வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டிலேயே அதற்கு மோசமான இடம் அதுதான். தரையும் கல், காற்றும் ஈரம். கட்டிலுக்கு மேலே கையை வைத்துக் கழற்றுங்கள். தோல் வாரை மாற்றிவிட்டு, மணிக்கூட்டின் அடியால் ஒரே துண்டாக ஓடும் நைலோன் வார் போடுங்கள். ஒரு பக்கத்துப் பின் போனாலும் மற்றப் பின் மணிக்கூட்டைப் பிடித்துக்கொள்ளும். படைகளுக்குக் கொடுத்த பல மணிக்கூடுகளில் பின்னுக்குப் பதிலாகக் கழற்ற முடியாத கம்பியே இருக்கும். அதற்கும் இந்த வார்தான் பொருந்தும். எங்கள் ஊர் வியர்வையில் தோல் வார் எப்படியும் சீக்கிரம் இற்றுப்போகும். பார்ப்பதற்கு நைலோன் அவ்வளவு கம்பீரமில்லை, ஒத்துக்கொள்கிறேன். கலியாண வீட்டுக்குத் தோல் வாரை மாற்றிக்கொள்ளலாம்.

இனி ஈரம். உப்புவெளியில் வாசல் கதவின் பிணைச்சலும் சைக்கிள் செயினும் என்ன பாடு படுகின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதியும் வியர்வையும், வாடை தொடங்கிய பிறகு மாரி முடியும் வரை ஈரம். மணிக்கூட்டுக்கு ஓய்வு கிடைக்கிற பருவம் இங்கே இல்லை. ஈரம் உள்ளே போகிற முதல் வாசல் கண்ணாடியோ பின்மூடியோ அல்ல, சாவி கொடுக்கும் குமிழ். அதன் தண்டு உருக்கினால் ஆனது. குமிழைப் பிடித்துத் திருகும் ஒவ்வொரு முறையும் விரலின் வியர்வை அந்தத் துளையில் கொஞ்சம் படியும். துரு தண்டில் தொடங்கி, சாவிச் சக்கரங்களுக்குப் பரவி, கடைசியில் டயலின் ஓரத்தில் பழுப்புக் கறையாகத் தலைகாட்டும். வெளியில் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். அதனால் சாவி கொடுக்க முன் கையைக் கழுவித் துடையுங்கள், குமிழையும் ஒரு உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். சின்ன வேலை, ஆனால் நான் சொல்லும் எல்லாவற்றிலும் பலன் கூடியது இதுதான்.

பூட்டி வைத்தால் பாதுகாப்பு என்பது இந்த ஊரில் பாதி உண்மைதான். அலுமாரிக்குள் ஈரம் தங்கும், நீங்களும் மாதக்கணக்கில் திறந்து பார்க்க மாட்டீர்கள். கட்டாத நாட்களில் இறுக மூடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஈரம் குடித்தால் நிறம் மாறும் வகையாக இருந்தால் எப்போது மாற்றுவது என்று தெரியும். அரிசிக்குள் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். அரிசி பெரிதாக ஈரத்தை இழுக்காது, அதன் மாவுத்தூள் குமிழ் வழியே உள்ளே போகும். கண்ணாடிக்குள் பனி படர்ந்தால் வெயிலில் காய வைக்காதீர்கள். சூட்டில் நீராவியாகி இயந்திரம் முழுக்கப் பரவும். சிலிக்கா ஜெல் பெட்டிக்குள் போட்டு அடுத்த நாளே திறந்து பார்க்கக் கொடுங்கள். கடல்தண்ணீர் போனால் அடுத்த நாள் என்ற பேச்சே வேண்டாம், அன்றைக்கே, சில மணித்தியாலத்துக்குள். பின்மூடியில் நீர் புகாது என்ற பொருளில் ஏதாவது பொறித்திருந்தாலும் நம்பாதீர்கள். அன்று போட்ட வளையங்கள் எப்போதோ இறுகி வெடித்திருக்கும். மழைக்குக்கூட வேண்டாம்.

நாலு நிமிடம் பிந்துவது பழுது என்பதைவிட ஒரு அறிகுறி. பெரும்பாலும் பழைய எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். காந்தம் ஏறியிருந்தால் வழக்கமாகப் பிந்தாது, முந்தும். பேலன்ஸோடு இணைந்த மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருங்குவதால் அப்படி ஆகும். அதனால் எண்ணெய் என்றே நினைக்கிறேன், ஆனால் திறக்காமல் அறுதியாகச் சொல்ல மாட்டேன். நிச்சயமானது ஒன்று: காய்ந்த எண்ணெயோடு ஓட விட்டால் உருக்கு முனைகள் தேயும். கல் தேயாது, முனை தேயும். எனவே சேர்விஸ் முடியும் வரை அதை ஓட விடாதீர்கள். சும்மா இருந்தால் இறுகிவிடும், கிழமைக்கு ஒருமுறை சாவி கொடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். சுத்தம் செய்து செயற்கை எண்ணெய் இட்ட மணிக்கூட்டுக்கு அது தேவையா என்பதில் தொழில்காரர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அழுக்கான மணிக்கூட்டுக்கு அது கெடுதல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. "சாவி கூடக் கொடுத்து இறுக்கிப் போட்டன்" என்று கவலையோடு வருபவர்களும் உண்டு. சாவி முழுக்க ஏறியது தடையாக விரலுக்குத் தெரியும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுச் சாவியோடு ஓடாமல் நின்றால் காரணம் உள்ளே உள்ள அழுக்கு அல்லது உடைசல். சாவி கூடியதால் எந்த நல்ல மணிக்கூடும் நிற்காது.

ரேடியம் பற்றி. போர்க்காலத்தில் இருட்டில் ஒளிரும் இலக்கங்களுக்கு ரேடியம் கலந்த பூச்சையே பூசினார்கள். 1960களில் அதன் இடத்துக்கு டிரிட்டியம் வந்தது. ரேடியத்தின் அரைவாழ்வு ஏறக்குறைய 1,600 வருடம், டிரிட்டியத்துக்கு 12 வருடம் சொச்சம். உங்கள் மணிக்கூடு இப்போது இருட்டில் ஒளிர்வதில்லை என்றால் ரேடியம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதனோடு கலந்த துத்தநாக சல்பைடு களைத்துவிட்டது, அவ்வளவுதான். கதிர் அப்படியே வந்துகொண்டிருக்கிறது. பெரிய ஆபத்து அந்தத் தூள் மூச்சிலோ வாயிலோ போவதுதான். 1920களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தூரிகை முனையை உதட்டால் கூராக்கி டயல் எழுதிய பெண்களில் பலர் தாடை எலும்பு அழுகிச் செத்தார்கள். கண்ணாடிக்குள் இருக்கும் ஒரு மணிக்கூட்டை இடைக்கிடை கட்டுவதால் வரும் பாதிப்பு சிறியது என்பதே பொதுவான கருத்து. இத்தனை அளவு, இத்தனை நாள் என்று கணக்குச் சொல்ல நான் பௌதிகம் படித்தவன் இல்லை, அதைக் கருவியால்தான் அளக்க வேண்டும். தொழிலில் நான் கைக்கொள்வதைச் சொல்கிறேன். நீங்களாகத் திறக்கக் கூடாது. கண்ணாடி வெடித்திருந்தால் கட்டவே கூடாது. தலையணைக்குக் கீழே, படுக்கையறை அலுமாரியில் வேண்டாம். ரேடியத்திலிருந்து ரேடன் என்ற வாயு வரும், அது மூடிய இடத்தில் சேரும். பெட்டியை முன் விறாந்தைப் பக்கம் வைத்து, காற்றோட்டமான இடத்தில் திறவுங்கள். பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். திருத்தக் கொடுக்கும்போது ரேடியம் என்று முதலிலேயே சொல்லுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிப்பவர் தொழில் தெரிந்தவர், "அதெல்லாம் ஒண்டுமில்லை" என்று நகத்தால் சுரண்டிக் காட்டுபவரிடமிருந்து மணிக்கூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஆளைத் தெரிவு செய்வதுதான் கஷ்டம். இங்கே பற்றரியும் வாரும் மாற்றக் கடைகள் இருக்கின்றன, இயந்திரத்தை முழுக்கக் கழற்றிப் பூட்டுபவர்கள் குறைவு. கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் நீங்களே கொண்டுபோங்கள், தபாலில் அனுப்பாதீர்கள். கொடுக்க முன் எப்படிக் கழுவுவீர்கள் என்று கேளுங்கள். முழு இயந்திரத்தையும் கழற்றாமல் பெற்றோலில் முக்கி எடுத்து, தையல் மெசின் எண்ணெய் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு மாதம் அருமையாக ஓடும், பிறகு அந்த எண்ணெய் பரவி எங்கும் ஒட்டும். ஸ்பிரிட்டில் ஊற வைப்பது இன்னொரு கூத்து. பலெட் என்ற பாகத்தின் கற்கள் அரக்கில் ஒட்டப்பட்டவை, ஸ்பிரிட்டில் அரக்குக் கரையும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். டயலைத் துடைக்கவோ புதிதாக எழுதவோ வேண்டாம், கூட்டைப் பொலிஷ் செய்ய வேண்டாம் என்று வாயால் சொல்லாமல் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் கால டயலின் எழுத்து ஈரத் துணி பட்டாலே போய்விடும். இயந்திரத்தில் எதையும் மாற்றலாம், அம்மப்பா பார்த்த முகத்தை மாற்ற முடியாது. கண்ணாடி மட்டும் விதிவிலக்கு. அது பிளாஸ்டிக், மாற்றுவது மலிவு, தயங்காமல் புதிது போடச் சொல்லுங்கள்.

சரி, 1942 கதை. அந்த அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் சொத்து என்பதற்கான அடையாளம். அதற்கு மேல் அது ஒன்றும் நிரூபிக்காது, கடற்படை என்றுகூட. போலியாக அம்பு வெட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் உங்களுடையது குடும்பத்துக்குள்ளேயே வந்தது என்பதால் அந்தச் சந்தேகம் எனக்கு இல்லை. துப்பு அந்தத் தேய்ந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். டபிள்யூ என்ற ஆங்கில எழுத்து மூன்று தடவை இருந்தால், அது பிரிட்டிஷ் படைக்காக ஒமேகா, லாஞ்சின்ஸ், சீமா, வெர்டெக்ஸ் உட்பட 12 நிறுவனங்கள் ஒரே மாதிரிக் கட்டளைக்குச் செய்துகொடுத்த வகை. அவை கைக்கு வந்தது 1945இல், டயல் கறுப்பு. அப்படியானால் குண்டு விழுந்த 1942 ஏப்ரல் 9ஆம் திகதி அந்த மணிக்கூடு பிறக்கவே இல்லை. ஏ, டி, பி (A, T, P) என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் அது அதற்கு முந்திய வகை, போர்க் காலத்திலேயே தரைப்படைக்குக் கொடுத்தது, டயல் பொதுவாக வெள்ளை. உங்கள் படத்தில் டயல் வெளிறித் தெரிகிறது, அதனால் இரண்டாவதாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். அப்படியென்றால் காலம் பொருந்தும், ஆள் பொருந்துமா என்பதுதான் சந்தேகம். நடுப் போரில் படையின் சொத்து ஒரு டொக்யார்ட் ஊழியர் கையில் இருந்திருப்பதைவிட, போர் முடிந்த பிறகு, அல்லது 1957இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டு வெள்ளைக்காரர் புறப்பட்ட நேரத்தில் கைமாறியிருக்கவே வாய்ப்புக் கூட. அம்மாவிடம் இதைச் சொல்வதா விடுவதா என்பது உங்கள் வீட்டு விஷயம், நான் தலையிடவில்லை.

எங்கே கட்டலாம் என்றால், வியர்க்காத, தண்ணீர் படாத, கை எங்கும் மோதாத இடத்துக்கு. கந்தோருக்கு, மாலையில் ஒரு வீட்டுக்குப் போய்வர, கலியாணத்துக்கு. கோணேசர் கோயில் தேர் அன்று அந்தச் சனத்துக்குள் வேண்டாம். நிலாவெளிக்குக் குளிக்கப் போகும்போது பையில்கூட வேண்டாம், மணல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. போனின் காந்த மூடியிலிருந்தும் ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்தும் தள்ளி வையுங்கள், ஏறினாலும் கவலையில்லை, காந்தம் எடுப்பது சில விநாடி வேலை. இதற்கெல்லாம் பெறுமதி இருக்கிறதா என்று கேட்டால், எனக்கு இருக்கிறது. காலையில் சாவி கொடுக்கும்போது ஸ்பிரிங் இறுகுவது விரலில் தெரியும், இரவு அமைதியில் அடி காதில் கேட்கும், மணி பார்ப்பதே ஒரு சின்னக் காரியமாகிவிடும். பற்றரி மணிக்கூடு இதைவிட எத்தனையோ மடங்கு சரியாக ஓடும், அதில் விவாதமே இல்லை. ஆனால் அதை யாரும் காதில் வைத்துப் பார்ப்பதில்லை.

சேர்விஸ் முடிந்து வந்தால் உடனே கட்டிக்கொண்டு வெளியே போகாதீர்கள். ஒரு கிழமை மேசையில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் முழுச் சாவி கொடுத்து, ஒரு நாள் முகம் மேலே, அடுத்த நாள் குமிழ் கீழே என்று மாற்றி மாற்றி வைத்து, எவ்வளவு முந்துகிறது பிந்துகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்த வயதுக்கு நாளுக்கு அரை நிமிடம் நல்ல ஓட்டம், ஒரு நிமிடம் வரை குறை சொல்ல மாட்டேன். ஒரு நிலையில் சரியாகவும் இன்னொரு நிலையில் மூன்று நிமிடம் பிந்தியும் ஓடினால், எழுதிய தாளோடு திருத்தியவரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். அந்தத் தாள் இருந்தால் எங்கே தேட வேண்டும் என்று அவருக்குத் தெரியும், நீங்களும் "சரியா ஓடுதில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கத் தேவையில்லை.